மூன்று மணி நேர மாரத்தான்: சேர்ந்து பயிற்சி எடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

மாரத்தானை 3 மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 4:16 (4 நிமிடம் 16 விநாடி) என்று ஓடினால் போதும் என்று பலர் மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரால் பெருக்கிப் பாருங்கள், 3:00:02 வரும். 4:15 என்றால் 2:59:20. கிலோமீட்டருக்கு ஒரு விநாடியில் கைக்கு வருவதும் நழுவுவதும் முடிவாகிவிடுகிற இலக்கு இது.

வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு, விடிவதற்கு முன் எழுந்து ஓடுகிறவர்கள் இதை நாலைந்து பேராகச் சேர்ந்து முயல்வது நல்லதுதான். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்க முடியாது, வெளியே ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். எதிர்க்காற்று அடித்தால் மாறி மாறி முன்னால் போகலாம். ஆனால் சேர்ந்து ஓடுகிறவர்களுக்கென்றே சில தவறுகள் உண்டு. பயிற்சி அட்டவணைகள் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை, ஏனென்றால் அட்டவணை எப்போதும் ஒரே ஒரு ஆளை மனதில் வைத்து எழுதப்படுவது.

எல்லோருக்கும் ஒரே இலக்கு

முதல் தவறு ஓடத் தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. "இந்த சீசன் எல்லாரும் சப்-3", அதாவது 3 மணி நேரத்துக்குள், என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். முழு எண்களுக்கு அப்படி ஒரு கவர்ச்சி. ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் அலசியபோது, 3:00, 3:30, 4:00 மணி நேரங்களுக்குச் சற்று முன்னால் ஆட்கள் குவிந்திருப்பதும், அதைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று குறைவதும் தெரிந்தது. ஆக, முழு எண் ஆளை உந்தும் என்பது உண்மை. ஆனால் இல்லாத வேகத்தை அது கொடுக்காது.

உங்கள் குழுவில் ஒவ்வொருவருக்கும் எந்த நேரம் பொருந்தும் என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் வெளியிட்ட சூத்திரம்: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் சுமார் 2.085 மடங்காகும். அந்தக் கணக்கில் 3 மணி நேர மாரத்தானுக்கு, அரை மாரத்தானை 1:26:20-க்குள்ளும் 10 கிலோமீட்டரை ஏறத்தாழ 39 நிமிடத்திலும் ஓட முடிந்திருக்க வேண்டும். 1:31-ல் அரை மாரத்தான் முடித்தவருக்கு அதே கணக்கு 3:09:44 என்று சொல்கிறது. வாரத்துக்குக் குறைந்த கிலோமீட்டர்களே ஓடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கேகூடக் கொஞ்சம் தாராளமானதுதான்.

1:31 ஓடுகிறவரைக் குழுவிலிருந்து விலக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவருடைய இந்த சீசன் இலக்கு 3:10. வார்ம் அப், ஈஸி ரன், லாங் ரன்னின் பெரும்பகுதி எல்லாவற்றையும் சேர்ந்தே ஓடலாம். டெம்போவிலும் (விடாமல் வேகமாக ஓடுவது) இன்டர்வலிலும் (வேகமாக ஓடி, சற்று ஓய்ந்து, மறுபடி ஓடுவது) மட்டும் அவருக்கு அவருடைய வேகம். இதை ஆரம்பத்திலேயே வெளிப்படையாகப் பேசாத குழுவில், அவர் மூன்று மாதம் தன் வேகத்துக்கு மேலேயே ஓடிக்கொண்டிருப்பார். சோர்ந்துபோவாரே தவிர முன்னேற மாட்டார்.

ஈஸி ரன் மெல்லப் போட்டியாக மாறுவது

என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறுகளையும் விட்டுவிட்டு இதை மட்டும் திருத்தினாலே பாதிக் குழுக்கள் உருப்பட்டுவிடும்.

ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். பக்கத்தில் ஓடுகிறவரைவிட எப்போதும் அரை அடி முன்னால்தான் ஓடுவார். வேண்டுமென்று செய்வதில்லை, அவருக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் ஈடுகொடுக்கக் கொஞ்சம் வேகம் கூட்டுவார், இவர் மறுபடி அரை அடி முன்னால். 5:40-ல் தொடங்கிய ஓட்டம் எட்டாவது கிலோமீட்டரில் 4:55-க்கு வந்திருக்கும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள், முதலில் சொல்கிறவர் பலவீனமானவர் என்று ஆகிவிடுமே.

மெதுவாக ஓடுவதன் பலன் மெதுவாக ஓடினால்தான் கிடைக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவது, செல்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியா கூடுவது, கொழுப்பை எரிபொருளாக்கும் திறன் வளர்வது, இவையெல்லாம் மாதக்கணக்கில் சேரும் நிதானமான ஓட்டத்தில் நிறையவே நடக்கின்றன. அதையே நடுத்தர வேகத்தில் ஓடினால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம், களைப்போ அதைவிட அதிகம். அந்தக் களைப்பை இரண்டு நாள் கழித்து இன்டர்வலுக்குச் சுமந்துகொண்டு போவீர்கள். அங்கே ஓட வேண்டிய வேகம் வராது. கடைசியில் வாரம் முழுக்க எல்லா ஓட்டமும் ஒரே மாதிரி, மெதுவும் இல்லை வேகமும் இல்லை என்று ஆகிவிடும். உலகத்தரமான தொலைதூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சிகளில் சுமார் 80 சதவீதம் குறைந்த தீவிரத்திலேயே நடப்பதைக் கவனித்தார். வாழ்க்கையையே ஓட்டத்துக்குக் கொடுத்தவர்கள் அப்படி. எட்டு மணி நேர வேலையும் பார்த்துக்கொண்டு ஓடுகிற நாம் அவர்களைவிட அவசரப்படுகிறோம்.

திருத்த வழிகள் எளிமையானவை. ஈஸி நாளில் குழுவிலேயே மெதுவாக ஓடுபவர் முன்னால் போகட்டும், அவரை யாரும் தாண்டக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். அல்லது பேச்சை அளவுகோலாக வையுங்கள்: முழு வாக்கியங்களாகக் கதை பேச முடிய வேண்டும், "ம்", "ஆமா" என்று பதில் சுருங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். 3 மணி நேரத்தைக் குறிவைப்பவருக்குக் கிலோமீட்டருக்கு 5:15 முதல் 5:45 வரை சரியாக இருக்கும். வெயில் நாளில் 6 நிமிடத்தைத் தாண்டினாலும் தப்பில்லை. இதயத்துடிப்பு காட்டும் வாட்ச் இருந்தால் உதவும், ஆனால் வாயைவிட நம்பகமான கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்டர்வலிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் வெளிப்படையாக. ஆறு முறை ஒரு கிலோமீட்டர் என்று அட்டவணை சொன்னால், ஆறாவதை யார் முதலில் முடிப்பது என்று ஒரு பந்தயம் நடக்கும். முதலாவதுக்கும் ஆறாவதுக்கும் நாலைந்து விநாடிக்கு மேல் வித்தியாசம் வராமல் ஓடியவர்தான் அன்றைக்கு நன்றாக ஓடியவர். கைதட்ட வேண்டுமானால் அவருக்குத் தட்டுங்கள்.

லாங் ரன்னை முன்னோட்டப் போட்டியாக்குவது

வாரக் கடைசியில் 30, 32 கிலோமீட்டர். ஓட்டங்களைப் பதிவிடும் ஸ்ட்ராவா செயலியில் போன வாரம் இன்னொரு குழு 32 கிலோமீட்டரை 4:25-ல் ஓடியது பதிவாகியிருக்கும். உடனே நம் ஆட்களுக்குக் கை அரிக்கும். முழு தூரத்தையும் இலக்கு வேகத்துக்குப் பக்கத்தில் ஓடினால் அதிலிருந்து மீளவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அந்த வாரப் பயிற்சி அதோடு போச்சு. பெரும்பகுதியை நிதானமாக ஓடி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கடைசி 10 அல்லது 12 கிலோமீட்டரை மட்டும் இலக்கு வேகத்தில் ஓடினால் களைத்த காலில் அந்த வேகம் எப்படி இருக்கும் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். பயிற்சியில் 42 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டிய தேவையே கிடையாது.

லாங் ரன்னில் ஒத்திகை பார்க்க வேண்டிய இன்னொன்று சாப்பாடு. ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கிலோகலோரி. 70 கிலோ எடையுள்ளவருக்கு மாரத்தான் முழுக்க ஏறத்தாழ 2,950. உடம்பு சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் சுமார் 2,000 கிலோகலோரிதான் தரும். கொழுப்பு மீதியைக் கொடுக்கும், ஆனால் மெதுவாகத்தான். 30 கிலோமீட்டருக்கு மேல் பலர் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தை ஜெல்லாகவோ பானமாகவோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பழகாத வயிறு இதை ஏற்காது, வாரக்கணக்கில் பழக்க வேண்டும். குழுவில் இங்கே நடக்கும் தவறு என்ன தெரியுமா? ஒருவர் ஜெல் இல்லாமலே 30 ஓடிவிட்டேன் என்பார், மற்றவர்களும் வைராக்கியமாகப் பையிலிருந்து எடுக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், நண்பருக்கு ஒத்துக்கொண்ட ஜெல்லைப் போட்டி நாளில் முதல் முறையாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கழிப்பறை தேடுகிறவர்களும் உண்டு.

வலியை மறைப்பது

தனியாக ஓடுகிறவர் கணுக்கால் வலித்தால் படுத்துவிடுவார். குழுவில் இருப்பவர் எல்லோரும் காத்திருப்பார்களே என்று கிளம்பிவிடுவார். அன்றைக்கு வலி கொஞ்சம் அடங்கியதுபோலவும் இருக்கும், பேச்சு சுவாரசியத்தில் தெரியாது. தசை முழுக்கப் பரவியிருக்கும் வலி வேறு, எலும்பின் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுள்ளென்று வலிப்பது வேறு. இரண்டாவது, எலும்பில் நுண்விரிசல் விழுந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி நிவாரணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு லாங் ரன் போவது இன்னும் மோசம். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

இரண்டு வாரம் விட்டுப்போய்த் திரும்பி வந்தவரைக் குழு இருக்கும் இடத்துக்கு உடனே இழுக்காதீர்கள். விட்டதைப் பிடிக்க ஒரே வாரத்தில் 90 கிலோமீட்டர் ஓடுவது, அடுத்த காயத்துக்கு முன்பணம் கட்டுவது மாதிரி.

எடை விஷயம் தனி. "இரண்டு கிலோ குறைத்தால் நாலு நிமிடம் குறையும்" என்று யாராவது ஆரம்பித்து, குழுவே சேர்ந்து பட்டினி கிடக்கும். பயிற்சி உச்சத்தில் இருக்கும்போது சாப்பாட்டைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே ஒரு தனிக் கோளாறாக வரையறுத்தது: எலும்பு பலவீனமாகும், ஹார்மோன்கள் குறையும், நோய் எதிர்ப்பு சரியும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால் அது கடும் பயிற்சியின் பெருமை அடையாளம் கிடையாது, மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி. ஆண்களுக்கும் இந்தக் கோளாறு வரும், வெளியே தெரிய நாளாகும் என்பதுதான் வித்தியாசம்.

காலணி பற்றி ஒரு வரி: கார்பன் தகடு வைத்த ஷூ ஒரே பயனை எல்லோருக்கும் தருவதில்லை. குழுவே வாங்கியது என்பதற்காக நீங்களும் வாங்கினால், போட்டிக்கு முன் ஓரிரு லாங் ரன்னிலாவது போட்டுப் பாருங்கள், தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம்.

கடைசி மூன்று வாரமும் போட்டி நாளும்

டேப்பர் சமயத்தில், அதாவது போட்டிக்கு முன் ஓட்டத்தைக் குறைக்கும் நாட்களில், குழுவில் பதற்றம் தொற்றும். ஓட்டம் குறைந்ததும் உடம்பு கனக்கிற மாதிரி இருக்கும், "ஒரு டெஸ்ட் ரன் போய்ப் பார்க்கலாமா?" என்று ஒருவர் கேட்பார். வேண்டாம். கடைசி இரண்டு வாரத்தில் மொத்த தூரத்தை 40 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, சில வேகமான கிலோமீட்டர்களை மட்டும் வைத்துக்கொள்வதுதான் ஆய்வுகள் காட்டும் நல்ல வழி.

போட்டி நாளில் வாட்ச் காட்டும் பேஸை (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை) அப்படியே நம்பாதீர்கள். மாரத்தான் பாதை, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுகிறது. தூரம் குறைந்துவிடக் கூடாது என்று 0.1 சதவீதம், அதாவது 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நீங்கள் அந்தக் கோட்டில் ஓடப்போவதில்லை. கூட்டத்தை ஒதுங்கி, வளைவில் அகன்று ஓடி முடிக்கும்போது ஜி.பி.எஸ். 42.6 என்று காட்டுவது சாதாரணம். வாட்சில் 4:15 சராசரி வைத்தவர் 3:01:03-ல்தான் கோட்டைத் தொடுவார். வாட்சில் 4:13 வேண்டும். சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளைப் பார்த்து, 5 கிலோமீட்டருக்கு 21:15 என்று கணக்கு வைப்பது இன்னும் நல்லது.

மாதக்கணக்கில் சேர்ந்து ஓடியதால் கடைசிவரை சேர்ந்தே ஓட வேண்டும் என்ற உணர்ச்சி வேகம் வரும். முதல் 5 கிலோமீட்டரில் நால்வரும் பேசிச் சிரித்துக்கொண்டு 4:05-ல் போவார்கள். அதில் மிச்சமாவது சுமார் 50 விநாடி. 32-க்குப் பிறகு கிலோமீட்டருக்கு 30 விநாடி விழுந்தால் இழப்பது 5 நிமிடம். முந்தைய நாளே உட்கார்ந்து பேசிவிடுங்கள்: 30 வரை சேர்ந்து, அதற்குப் பிறகு அவரவர் வழி. யார் பின்தங்கினாலும் மற்றவர்கள் திரும்பிப் பார்த்து நிற்கக் கூடாது, பின்தங்கியவர் தொற்றிக்கொள்ளத் திணறக் கூடாது. வெப்பம் அதிகமானால் இலக்கை எவ்வளவு தளர்த்துவது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். மாரத்தானுக்கு உகந்தது 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர். 24 டிகிரியில் நின்றுகொண்டு 4:15 என்று அடம்பிடிக்கிற குழு 25-வது கிலோமீட்டரில் மொத்தமாகச் சிதறும். தண்ணீரையும் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

அப்புறம், காயத்தால் ஓட முடியாமல் போன நண்பர் கடைசி 10 கிலோமீட்டருக்கு சைக்கிளில் கூடவே வந்து பேஸ் கொடுக்கிறேன் என்பார். அன்பாகத்தான் சொல்வார். ஆனால் போட்டியில் பங்கேற்காத ஒருவர் வேகம் பிடித்துக் கொடுப்பது உலகத் தடகள விதிகளின்படி அனுமதிக்கப்படாத உதவி, தகுதியிழப்பு வரை போகலாம். அவரை 38-வது கிலோமீட்டரில் நின்று கத்தச் சொல்லுங்கள், அது போதும்.

முடிந்த மாலையே இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. 3:00:40-ல் முடித்தவர் கடுப்பில் நான்கு வாரம் கழித்து வரும் இன்னொரு மாரத்தானில் பெயர் கொடுப்பார், தோழமைக்காக மற்ற மூவரும் கொடுப்பார்கள். தசைகள் சரியாகவே சில வாரங்கள் ஆகும். ஒரு வாரம் ஓடாமல் இருந்துவிட்டு, அடுத்த மூன்று வாரம் வாட்ச் இல்லாமல் ஓடிவிட்டு, அதற்குப் பிறகு அடுத்த போட்டியைத் தேடட்டும். பதிவுக் கட்டணம் அதுவரை அவர் கையிலேயே இருக்கட்டும்.