படம் லீக் ஆனதும் பதற்றத்தில் செய்யும் சட்டத் தவறுகள்

சிறு பட்ஜெட் படத்துக்கு முதல் மூன்று நாள் வசூல்தான் உயிர். அதற்குள் தியேட்டர் பிரின்ட் டெலிகிராமில் வந்துவிட்டால் தயாரிப்பாளருக்குக் கை கால் ஓடாது. அந்தப் பதற்றத்தில் செய்யும் சில காரியங்கள்தான் பிறகு வழக்கையே பலவீனமாக்குகின்றன.

முதல் தவறு, ஆதாரத்தைச் சேர்த்து வைக்காமல் லிங்கை நீக்க ஓடுவது. நீக்கச் சொல்வது சரிதான். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கோப்பையே இறக்கிப் பத்திரப்படுத்த வேண்டும். தியேட்டரில் ஓடும் டிஜிட்டல் படத்தில் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் இருக்கும். செல்போனில் எடுத்த பிரதியை வைத்தே எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு அது முடியாது. கோர்ட்டிலும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் இருக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும். இறக்கிய அன்றே இதைப் பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்து, லீக் ஆன பிறகு வக்கீலைத் தேடுவது. பெயர் தெரியாத எதிராளிகளை ‘அசோக் குமார்’ என்று குறிப்பிட்டு, ரிலீசுக்கு முன்பே தடை உத்தரவு வாங்கும் வழி நம் கோர்ட்டுகளில் இருக்கிறது. ஆனால் எதைத் தடுக்கச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2012-இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவை வைத்து இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற வீடியோ தளங்களையே முழுதாக முடக்கின. மக்கள் கொதித்தார்கள். குறிப்பிட்ட லிங்குகளை மட்டும் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்தியது. திருட்டுப் படத்துக்காகவே நடத்தப்படும் தளம் என்றால் கதை வேறு. அதன் மாற்று முகவரிகளையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போக 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வழி செய்தது.

உத்தரவு கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2018-இல் ‘2.0’ வருவதற்கு முந்தைய நாள், 12,000-க்கும் மேற்பட்ட தளங்களைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியும் ரிலீஸ் அன்றே படம் லீக் ஆனது. புது முகவரிகளைத் தேடிப்பிடித்துக் கொடுக்க ஓர் ஆளாவது முழு நேரமும் வேண்டும்.

காப்புரிமை (காப்பிரைட்) விதிகள் 2013-இன் 75-ஆம் விதியின் கீழ், லிங்கை முடக்கச் சொல்லித் தளத்துக்குப் புகார் அனுப்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 36 மணி நேரத்தில் லிங்க் முடக்கப்படலாம். ஆனால் 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவைக் காட்டாவிட்டால் அது திரும்பவும் திறக்கப்படலாம்.

போலீஸ் நிலையத்தில் ‘இது சிவில் விவகாரம்’ என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுக் குற்றத்தில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், அது ஜாமீனில் விடக்கூடிய குற்றமல்ல என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தியேட்டரில் படம் பிடித்தவருக்கு 2023-இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய்.

அப்புறம், ஓடிடி, வெளிநாட்டு உரிமை எல்லாம் விற்ற பிறகு வழக்குப் போடுகிறீர்கள் என்றால், எந்த உரிமை யார் கையில் இருக்கிறது என்று ஒப்பந்தத்தை ஒரு தடவை பாருங்கள். உரிமையை வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க வேண்டியிருக்கலாம்.

எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு, படத்தைக் குறை சொன்ன யூடியூப் விமர்சகர் மேல் பைரசி என்று ஸ்டிரைக் அடிப்பது, அதாவது வீடியோவை நீக்கச் சொல்லி யூடியூபில் காப்புரிமைப் புகார் கொடுப்பது. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் காட்சியைப் பயன்படுத்தச் சட்டமே இடம் தருகிறது. ஆதாரமில்லாமல் மிரட்டினால், காப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின் கீழ் அவரே உங்கள் மேல் வழக்குப் போடலாம். விமர்சனம் என்ற பெயரில் நீளமான காட்சிகளை அப்படியே ஓடவிட்டால், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று குறித்து அதற்கு மட்டும் புகார் கொடுங்கள்.