வேற்றுக்கிரகத்தில் உயிர் என்று செய்தி வந்தால் நாம் செய்கிற தவறுகள்

2025 ஏப்ரல், மூன்றாம் வாரம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் வழக்கமாக உட்காரும் ஒட்டுக்கடையில் காலை ஏழு மணிக்கே விண்வெளி ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. லோரி ஓட்டும் தம்பி ஒருவர் கைப்பேசியை மேசை நடுவில் வைத்து, "கண்டுபிடிச்சுட்டாங்க சார். 99.7 விழுக்காடு உறுதியாம்" என்றார். திரையில் நீலக் கடல், அடிவானத்தில் சிவந்த சூரியன். ரொட்டி சானாய் புரட்டிக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளுங்க யாரையும் காணோமே?" என்றார்.

இந்த மாதிரிச் செய்தியில் மனிதன் வழுக்கி விழக்கூடிய இடங்களில் பாதி அந்த மேசையிலேயே இருந்தன. சிரித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம்தான். ஆனால் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் நடத்திய வாய் சும்மா இருக்குமா? தே ஆறிப்போகும்வரை பேசினேன். அன்று பேசியதும், அதற்குப் பிறகு புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் வந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

எண்ணைப் பார்த்து மயங்குவது

செய்தி கே2-18பி என்ற கோளைப் பற்றியது. சிம்ம விண்மீன் கூட்டத்தின் திசையில், 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. பூமியைப் போல 8.6 மடங்கு நிறை, 2.6 மடங்கு அகலம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வழியாக அதன் காற்றை ஆராய்ந்தது. டைமெத்தில் சல்பைடு, அல்லது அதற்குப் பங்காளியான டைமெத்தில் டைசல்பைடு இருப்பதற்கான சாடை தெரிகிறது என்று எழுதியது. பூமியில் இந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்பாசிகள். அதனால்தான் அவ்வளவு பரபரப்பு.

சரி, 99.7 எங்கிருந்து வந்தது? வெறும் இரைச்சலே தற்செயலாக இப்படி ஒரு கோலம் போட்டிருக்க 0.3 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றது அவர்களின் கணக்கு. நூறிலிருந்து அதைக் கழித்து, "உயிர் இருக்க 99.7 விழுக்காடு வாய்ப்பு" என்று யாரோ தலைப்பு போட, ஊரெல்லாம் பரவிவிட்டது. கழித்தல் சரிதான். எதைக் கழித்தோம் என்பதில்தான் கோளாறு.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். மரமெல்லாம் வெட்டி, பால் எடுத்து முடித்துக் கொட்டகைக்கு வந்தால் வரிசை நிற்கும். வாளி தராசில் ஏறும், தோட்டத்துக் கணக்கர் கிராணி எடையை எழுதுவார். ஆனால் சம்பளம் அந்த எடைக்கு இல்லை. மெட்ரோலேக் என்று ஒரு கண்ணாடிக் கருவி. அதைப் பாலில் மிதக்கவிட்டு, இதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். நல்ல பாலிலேயே காய்ந்த ரப்பர் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. மரத்தில் பால் வடியும் மங்கில் மழைத் தண்ணீர் புகுந்த நாளில் வாளி கனக்கும், கருவி வேறு கதை சொல்லும். சில கிராணிகள் கருவியின் பேரைச் சொல்லி அநியாயமாகவும் வெட்டினார்கள், அது தனிக் கதை. ஆனால் வாளி கனத்ததும் "இன்றைக்கு இத்தனை கிலோ ரப்பர்" என்று அம்மா ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை.

99.7 என்பது வாளி எடை. தராசில் ஏதோ ஏறியிருக்கிறது, முள் சும்மா ஆடவில்லை என்பதற்கான அளவு. ஏறியது அந்த வாயுதானா, அதே சாடை காட்டும் வேறு வாயுவா என்பது அடுத்த கேள்வி. வாயு அதுவே என்றாலும், அதை உயிர்தான் உண்டாக்கியதா என்பது மூன்றாவது. 67பி என்ற வால்நட்சத்திரத்தில் இதே டைமெத்தில் சல்பைடு இருந்ததாக 2024-இல் ஆய்வு வந்தது. பாசியும் இல்லை, கடலும் இல்லை, வெறும் பனிக்கட்டியும் தூசியும். கே2-18பி தரவை வாங்கித் தாங்களே அலசிப் பார்த்த வேறு குழுக்கள், முள் ஆடியதே போதாது என்றுகூட எழுதின.

இதையெல்லாம் மதுசூதன் மறைக்கவில்லை. அறிவியலில் "கண்டுபிடித்தோம்" என்று சொல்ல, தற்செயல் வாய்ப்பு 0.00006 விழுக்காட்டுக்கும் கீழே இறங்க வேண்டும், அதற்கு இன்னும் 16 முதல் 24 மணி நேரம் தொலைநோக்கி வேண்டும் என்று அந்தக் குழுவே சொன்னது. நம்முடைய புலனக் குழுவில் அந்த வரி மட்டும் வந்து சேரவில்லை. மாறாக, பேரைப் பார்த்துவிட்டு "நம்மாளு கண்டுபிடிச்சது" என்று ஒரு தனிக் கொண்டாட்டம் ஓடியது. அவர் இந்தியாவில் பிறந்தவர், கொண்டாடட்டும். ஆனால் பேரை வைத்து முடிவை நம்புவதும் வழுக்குமிடம்தான்.

படத்தை நம்புவது, ஆளைத் தேடுவது

அந்த நீலக் கடல் ஓர் ஓவியர் வரைந்தது. கே2-18பி-யின் படம் என்று எதுவும் இல்லை. 33 நாளைக்கு ஒருமுறை அது தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும். அப்போது நட்சத்திர ஒளியில் ஒரு துளி, கோளின் விளிம்புக் காற்றின் வழியே கசிந்து வரும். அந்த ஒளியில் எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துத்தான் வாயுவின் பேர் சொல்கிறார்கள். கடல் இருக்கிறதா என்பதே இன்னும் வழக்கில் இருக்கிற விஷயம்.

தொலைநோக்கி பிடித்த அந்த ஒளி 1900 வாக்கில் கிளம்பியது. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் அப்போதுதான் காலூன்றத் தொடங்கின. அது வந்து சேர்வதற்குள் நான்கு தலைமுறை பால் வெட்டி முடித்து, பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது. வொயேஜர் 1 விண்கலம் போகிற வேகத்தில் அங்கே போய்ச் சேர 20 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே "அவங்க இங்க வந்தா என்ன செய்வாங்க?" என்ற கவலையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

அக்கா தேடிய ஆளுக்கு வருவோம். நம் மனத்தில் "உயிர்" என்றாலே பெரிய கண், ஒல்லிக் கை. ஆராய்ச்சியாளர்கள் தேடுவது அது இல்லை. நாம் ஆறறிவைத் தேடுகிறோம், அவர்கள் ஓரறிவுக்கும் கீழே துழாவுகிறார்கள். 2025 செப்டம்பரில் நாசா அறிவித்த செவ்வாய்ப் பாறையும் அப்படித்தான். பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் துளைபோட்ட, ஒரு மீட்டர் நீளமுள்ள கல். சிறுத்தைப்புள்ளி மாதிரி புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் உள்ள தாதுக்கள் பூமியில் நுண்ணுயிர் வேலையாகவும் உண்டாகும், நுண்ணுயிர் இல்லாமலும் உண்டாகும். எது என்று சொல்ல மாதிரியை இங்கே கொண்டுவர வேண்டும். அது இன்னும் செவ்வாயில்தான் இருக்கிறது.

ஒரே சொல்லில் ஏமாறுவது

எங்களுக்குப் பக்கத்து ஊர் கோலகங்சார். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை அங்கே நட்டார்கள். அதில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் இன்னும் நிற்கிறது. அதே 1877-இல் இத்தாலியில் ஸ்கியாபரெல்லி என்ற வானியலாளர் செவ்வாயைப் பார்த்து, கோடு கோடாகத் தெரிகிறது என்று வரைந்து வைத்தார். அவர் எழுதிய சொல் "கனாலி". இத்தாலிய மொழியில் அது இயற்கையான ஓடையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்துக்குப் போனபோது அது வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. கால்வாய் என்றால் வெட்டியவன் யார்? அவ்வளவுதான். பெர்சிவல் லோவல் என்ற பணக்கார அமெரிக்கர் 1894-இல் அரிசோனாவில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடமே கட்டி, செவ்வாய்க்காரர்களின் நீர்ப்பாசனத்தைப் பல வருடம் வரைந்தார். 1965-இல் மாரினர் 4 விண்கலம் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தது. குழிகள் இருந்தன, கால்வாய் இல்லை.

இன்றைக்கும் சங்கதி சொல்லில்தான். "இருக்கக்கூடும்", "பொருந்துகிறது", "சாத்தியமான உயிர்ச்சுவடு" என்று மூலத்தில் இருப்பது, மூன்று மொழி தாண்டி நம் குழுவுக்கு வரும்போது "நிரூபணம்" ஆகிவிடுகிறது. மலாய்ச் செய்தி, ஆங்கிலச் செய்தி, தமிழ்ச் செய்தி மூன்றையும் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். இரண்டையாவது ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தக் "கூடும்" எங்கே காணாமல் போனது என்று தெரிந்துவிடும்.

அறிவிப்புக்கு முன்பே அறிவித்துவிடுவது

"நாளை மறுநாள் பெரிய அறிவிப்பு" என்று ஒரு வரி வந்தால் போதும், நமக்குத் தூக்கம் போய்விடும். 2010 நவம்பர் கடைசியில் நாசா ஒரு செய்தியாளர் கூட்டத்துக்கு அழைப்பு விட்டது. வேற்றுலக உயிர்த் தேடலைப் பாதிக்கும் கண்டுபிடிப்பு என்று மட்டும் அதில் இருந்தது. மூன்று நாளில் உலகம் சனிக்கோளின் நிலாவரை போய் உயிரைக் கண்டுபிடித்துவிட்டது. டிசம்பர் 2-இல் கூட்டம் நடந்தபோது விஷயம் கலிபோர்னியாவில் ஓர் ஏரி. பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்செனிக்கை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியா என்றார்கள். 2012-இல் மற்ற ஆய்வாளர்கள் அதையும் மறுத்தார்கள். 2025 ஜூலையில் அந்த ஆய்வுக் கட்டுரையையே வெளியிட்ட இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதியவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதே 2010-இல் நம் நாட்டுப் பேரும் அடிபட்டது. சிரம்பானில் பிறந்த வானியலாளர் மஸ்லான் ஒத்மான், அப்போது வியன்னாவில் ஐ.நா.வின் விண்வெளி விவகார அலுவலகத் தலைவர். வேற்றுலகவாசிகள் வந்தால் வரவேற்கும் தூதராக அவரை ஐ.நா. நியமிக்கப்போகிறது என்று ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை எழுதியது. அப்படி ஒன்றும் இல்லை என்று அவரே மறுத்தார். மறுப்பு எத்தனை பேருக்குத் தெரியும்? "நம்ம மலேசியாக்காரங்கதான் தூதர்" என்று இன்றைக்கும் என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு.

இதன் இன்னொரு முகம், தாமதமானால் மறைக்கிறார்கள் என்பது. 2025 ஜூலை 1-இல் சிலியில் உள்ள தொலைநோக்கி 3ஐ/அட்லஸ் என்ற வால்நட்சத்திரத்தைக் கண்டது. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக நமக்குத் தெரிந்த மூன்றாவது பொருள். அது கப்பலாக இருக்கலாம் என்று ஒரு பேராசிரியர் பேச, கதைக்குக் கைகால் முளைத்தது. அக்டோபர் ஆரம்பத்தில் செவ்வாயைச் சுற்றும் கலம் எடுத்த படத்தை நாசா நவம்பர் 19 வரை வெளியிடவில்லை. "பாத்தீங்களா, மறைக்கிறான்." காரணம், அந்த நாட்களில் அமெரிக்க அரசாங்கமே பணம் ஒதுக்கப்படாமல் மூடிக் கிடந்தது. டிசம்பர் 19-இல் அது பூமிக்கு மிகப் பக்கத்தில் வந்தபோதும் தூரம் 27 கோடி கிலோமீட்டர்.

வீட்டுக்குள் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பது

விடியுமுன் தலைவிளக்கோடு மரத்தடியில் நிற்பவர்கள் வானத்தை நன்றாகத் தெரிந்தவர்கள். விடிவெள்ளியைப் பார்த்தே மணி சொல்வார் அம்மா. அப்படிப்பட்ட ஊரிலும், நூலில் கோத்த மாதிரி வரிசையாக விளக்குகள் ஓடியதைப் பார்த்து ஒருநாள் காலை எனக்கு நான்கு அழைப்பு. அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை. ஏவிய புதிதில் அப்படித்தான் தெரியும். 2022 ஜூலை கடைசியில் கூச்சிங் வானத்தில் தீப்பந்தமாகச் சிதறியது சீன ராக்கெட்டின் மிச்சம்.

இதில் படித்தவன் படிக்காதவன் இல்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது ஒரு விநோதக் குறிகை பதிவானது. பூமிப் பக்கத்துச் சமாச்சாரம் என்ற சந்தேகம் இருந்தாலும் எது என்று பிடிபடவில்லை. 2015-இல்தான் பிடித்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டைச் சூடு பண்ணும் மைக்ரோவேவ் அடுப்பு. ஓடி முடிவதற்குள் பொறுமை இல்லாமல் கதவைத் திறந்தால் அந்தக் குறிகை.

கடைசியாக ஒன்று. செய்தி பிசகியதும் "எல்லாம் டுபாக்கூர், பணம் பண்ண வேலை" என்று எதிர்ப்பக்கம் சாய்வது. ஏப்ரலில் துள்ளிய அதே லோரித் தம்பி செப்டம்பரில் என்னிடம் இப்படித்தான் சொன்னார். எனக்கு இது முதல் தவறைவிட மோசமாகப் படுகிறது. ஆர்செனிக் பாக்டீரியாவை மறுத்ததும் ஆய்வாளர்கள்தான், அடுப்பைப் பிடித்ததும் அதே தொலைநோக்கிக்காரர்கள்தான்.

அடுத்த அலை எப்போது என்று தேதியோடு தெரியும். வியாழனின் நிலாவான யூரோப்பாவை ஆராய 2024 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனைச் சேரும். இதை எங்கள் குடும்பப் புலனக் குழுவில் போட்டேன். "2030-ல் உயிர் கிடைச்சிடும்" என்று மச்சான் உடனே பகிர்ந்தார். ஆறாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி அதற்குக் கீழே எழுதினாள்: "உயிரைத் தேடப் போகலை மாமா. அங்க இருக்க முடியுமான்னு பாக்கத்தான் போகுது. அப்போ நான் ஐந்தாம் படிவம்."