லேப்டாப் ஹேங் ஆனால் உடனே ஃபார்மட் போடாதீர்கள்

போன வாரம் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், மேசைக்கு வந்த லேப்டாப்பை ஆன் செய்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, விண்டோஸ் பென்டிரைவைச் செருகிவிட்டான்.

"என்ன கம்ப்ளைன்ட்?" என்றேன்.

"ஹேங் ஆகுதாம்ங்ணா."

"எப்ப ஆகுது? சார்ஜர்ல இருக்கறப்பவா, பேட்டரிலயா?"

கேட்கவில்லை. முக்கியமான ஃபைல் எதுவும் உள்ளே இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. பென்டிரைவைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திருப்பூரில் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதற்கு ஒரு மனிதர் என்ன விலை கொடுத்தார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மெத்தைமேல் வைக்காதீர்கள், டீ கொட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொஞ்சம் வேலை தெரிந்தவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் 'ஹேங்' என்பது

வாடிக்கையாளர் ஹேங் என்று சொல்லலாம், நாம் சொல்லக்கூடாது. திரை அப்படியே உறைந்து நிற்பது ஒன்று. தானாக ரீஸ்டார்ட் ஆவது வேறு. ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைந்துபோவது மூன்றாவது. இவற்றுக்குக் காரணங்களும் பெரும்பாலும் வேறுவேறு.

திரை உறைந்தால் முதலில் கேப்ஸ் லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, திரைதான் செத்திருக்கிறது. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரையை இயக்குகிற மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். பல நேரம் படம் திரும்பி வந்துவிடும். விளக்கு அசையவே இல்லை என்றால் மொத்தமும் நின்றுவிட்டது என்று பொருள். மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் ஒரு நிமிடம் கழித்துத்தான் திறக்கிறது என்றால் என் சந்தேகம் நேராக டிஸ்க்குக்குப் போகும். பட்டென்று அணைந்தால் சூடு, பேட்டரி, சார்ஜர் என்று தேடுவேன்.

விண்டோஸ் பழுதாகி நிற்கும்போது காட்டுகிற பிழைத்திரை, அதாவது நீலத்திரை, வந்து படிப்பதற்குள் மறைந்துவிடுகிறதா? ஸ்டார்ட்டப் அண்டு ரெக்கவரி அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். திரை நிற்கும், ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளலாம். 2025இல் விண்டோஸ் 11இல் அந்த நீலத்தைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். சேதி அதேதான்.

41ஐப் பிடித்துக்கொண்டு அலைவது

கணினியில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கிற ஈவன்ட் வியூவரைத் திறக்கத் தெரிந்ததும் எல்லோரும் முதலில் கண்டுபிடிப்பது 'கெர்னல்-பவர் 41' என்ற சிவப்பு வரியைத்தான். உடனே பவர் பிரச்சினை என்று முடிவு கட்டி அடாப்டரை மாற்றிவிடுவார்கள். கணினி ஒழுங்காக மூடப்படாமல் மறுபடி எழுந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த வரியில் ஒன்றும் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலே அது வந்துவிடும்.

அந்த 41இன் விவரத்துக்குள் 'பக்செக் கோடு' என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை. பவர், சூடு, முழு உறைவு என்று அந்தப் பக்கம் போகலாம். வேறு எண் இருந்தால் அதுதான் நீலத்திரையின் குறியீடு. ஆனால் இங்கே அது சாதாரணப் பத்தடிமான எண்ணாக வரும், ஹெக்சாடெசிமலுக்கு (பதினாறு அடிமான எண்ணுக்கு) மாற்றித்தான் தேட வேண்டும். 292 என்று இருந்தால் அது 124. ஹார்டுவேர் கோளாறு என்று பிராசஸரே புகார் சொல்லியிருக்கிறது. 26 என்றால் 1ஏ, மெமரி மேனேஜ்மென்ட். பையன் 292ஐ அப்படியே தேடிவிட்டு ஒன்றும் வரவில்லை என்றான்.

41க்கு முந்தைய பத்து நிமிடத்தையும் படியுங்கள். அங்கே டிஸ்க் பெயரில் 7, 51, 153 என்ற எண்கள் வரிசையாக நின்றால் அடுத்து வரும் கதை உங்களுக்குத்தான்.

"எல்லாம் டி டிரைவ்ல இருக்கு, பயமில்ல"

விலை கொடுத்தார் என்று மேலே சொன்ன அந்த மனிதர் எம்பிராய்டரி பஞ்சிங் செய்பவர். வரைந்த டிசைனை மெஷின் புரிந்துகொள்கிற தையல்களாக மாற்றிக் கொடுக்கிற தொழில். ஒரு பூங்கொத்துக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் உட்காருவார். 500 ஜிபி ஹார்டு டிஸ்க் போட்ட லேப்டாப். ஃபைலைத் திறந்தால் ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது என்று கொண்டுவந்தார்.

வைரஸ் என்று சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"டிசைன் எல்லாம் டி-ல தான் இருக்குது தம்பி. சி-ய என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க" என்றார். நானும் தலையாட்டினேன். சி, டி என்பது ஒரே தட்டின்மேல் கிழித்த இரண்டு கோடுகள். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். நம் ஊரில் எத்தனையோ பேர் டி டிரைவைப் பேங்க் லாக்கர் மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லித் திருத்த வேண்டிய என்னைப் போன்றவர்களும் அதையே நம்பினோம் என்பதுதான் கொடுமை.

சி-யை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டேன். வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை, அன்று இரண்டரை மணி நேரம் ஓடியது. டிஸ்க் அங்கேயே கத்திச் சொல்லியிருக்கிறது. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். 400 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினேன். நான்கு நாள் நன்றாக ஓடியதாம். அதுதான் ஃபார்மட்டின் மாயம்: எழுதவே வராத இடத்தில் புதிதாக எழுத முயலும்போது டிஸ்க் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு உபரி இடத்துக்கு மாறிக்கொள்ளும்; குணமானதுபோல் தெரியும். பழைய டிசைன்கள் இருந்த இடத்தை யாரும் தொடவில்லை, அது அப்படியே அழுகிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் மறுபடி வந்தார். இந்த முறை நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன், டி டிரைவின்மேல் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை 'ஆர்' போட்டு ஓடவிட்டுக் கடையைப் பூட்டினேன். அது என்ன செய்யும் தெரியுமா? டிஸ்க்கின் சிறு துண்டுகளான செக்டார்களை ஒவ்வொன்றாகப் படிக்கும், படிக்க வராததை மறுபடி மறுபடி முயலும். நோயாளியை நெஞ்சுவலியோடு மாடிப்படி ஏறவிடுகிற மாதிரி. மேலும் அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் கடமை அல்ல. கணக்கில் ஒத்துவராத துண்டுகளைப் பெயரில்லாத ஃபைல்களாக்கி ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட்டுப் போய்விடும். காலையில் கடையைத் திறந்தபோது டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. விண்டோஸுக்கு முன்பே எழுகிற அடிப்படை நிரலான பயாஸில் டிஸ்க்கின் பெயரே வரவில்லை.

சென்னையில் ஒரு ரெக்கவரி இடத்துக்கு அனுப்பினார். 28 ஆயிரம் செலவு, ஆறு வருட டிசைனில் பாதிக்கும் குறைவாகத்தான் திரும்பியது. முதல் நாளே இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் மொத்தமும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாறியிருக்கும்.

அந்த இரண்டு நிமிட வேலை இதுதான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற ஒன்றில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிற ஸ்மார்ட் விவரத்தைத் திறங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் 05, சி5, சி6 (படிக்கவே முடியாமல் போனவை) மூன்றையும் பாருங்கள். 05 ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட இடங்கள். சி5 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள். இது பூஜ்யமாக இல்லாவிட்டால் வேறு எந்த வேலையும் தொடங்காதீர்கள். எண்கள் ஹெக்சாடெசிமலில் வரும், சாதாரண எண்ணாக மாற்ற மெனுவில் வழி உண்டு. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், டிஸ்க்குக்குப் போகிற கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். என்விஎம்இ எஸ்.எஸ்.டி. என்றால் மீதமிருக்கும் உபரி எவ்வளவு, மீடியா எரர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்மார்ட் 'குட்' என்று காட்டினாலும் ஈவன்ட் வியூவரில் டிஸ்க் புகார்கள் இருந்தால் நான் புகாரைத்தான் நம்புவேன். எஸ்.எஸ்.டி. பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் போய்ச்சேரும்.

சந்தேகம் வந்துவிட்டால் எடுக்கிற வரிசையும் முக்கியம். திரும்பச் செய்ய முடியாத சிறிய ஃபைல்கள் முதலில், சினிமாவும் பாட்டும் கடைசியில். மொத்த டி டிரைவையும் இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்; நடுவில் ஒரு ஃபைலில் மாட்டிக்கொண்டு டிஸ்க்கை அங்கேயே கொன்றுவிடும். லினக்ஸ் தெரிந்தவர்கள் டிடிரெஸ்க்யூ பயன்படுத்தலாம், அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பும்.

டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன், அதைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். 48 இலக்கச் சாவி இல்லாமல் வேறு கணினியில் மாட்டினால் ஒன்றும் படிக்க முடியாது. பயாஸ் அப்டேட் செய்தாலும் அது சாவி கேட்கக்கூடும். பெரும்பாலும் அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சாவி இருக்கும், முதலில் அதை எழுதி வாங்கிவையுங்கள்.

ஃபார்மட் மேல் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. மினிடம்ப் (நீலத்திரை வரும்போது பதிகிற ஃபைல்), ஈவன்ட் பதிவுகள், ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று துப்பு எல்லாம் அதோடு போய்விடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. சேஃப் மோடில் போய் அழிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு ஃபைலை; ஃபார்மட்டுக்கு அங்கே வேலையே இல்லை. கோளாறு ரேமில் இருந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. புதிதாகப் போடுகிற விண்டோஸே சிதைந்துதான் இறங்கும்.

"ஷட் டவுன் பண்ணிப் பாத்துட்டேனே"

விண்டோஸ் 8 தொடங்கி ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் விண்டோஸின் மையமான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதப்பட்டு மறுநாள் அப்படியே எழுந்து வரும், நேற்றைய கோளாறோடு. டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. பக்கத்தில் 'அப் டைம்' பாருங்கள். தினமும் ராத்திரி அணைக்கிறேன் என்று சத்தியம் செய்தவரின் கணினியில் பன்னிரண்டு நாள் காட்டியது. ரீஸ்டார்ட்தான் உண்மையான புதுத் தொடக்கம்.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்கள்

வேண்டாம்.

ரேமை ஒரே சுற்றில் விடுதலை செய்வது

விண்டோஸில் இருக்கிற மெமரி சோதனை பத்து நிமிடத்தில் 'பிழை இல்லை' என்றது, ஆகவே ரேம் நல்லது என்பார்கள். மெம்டெஸ்ட்86 என்ற தனி ரேம் சோதனை மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள், குறைந்தது நான்கு சுற்று. மூன்றாவது சுற்றில், உடம்பு நன்றாகச் சூடான பிறகு பிழை காட்டிய ரேம்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிழை வந்தாலும் பிழைதான், 'ஒண்ணுதானே' என்று விடாதீர்கள்.

இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒன்றைக் கழற்றி ஓட்டுங்கள், பிறகு மாற்றி ஓட்டுங்கள். பேட்டரி கனெக்டரைப் பிரித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தங்கநிறப் பல்வரிசையை ரப்பரால் மெதுவாகத் தேய்ப்பது பழைய வைத்தியம், இன்றும் வேலை செய்கிறது. ரப்பர் தூளை ஸ்லாட்டுக்குள் விடாமல் இருந்தால் சரி.

சார்ஜரை வாங்கி வைக்காதது

ஒருவர் மூன்று முறை வந்தார். கடையில் நாள் முழுக்க ஓடும், வீட்டுக்குப் போனால் மாலைக்குள் நின்றுவிடும். நான்காவது முறை சார்ஜரையும் கொண்டுவரச் சொன்னேன். 65 வாட் கேட்கிற லேப்டாப்புக்கு 45 வாட் டூப்ளிகேட் ஒன்று. மூன்று முறையும் எங்கள் சார்ஜரில்தான் சோதித்திருக்கிறோம்! சில லேப்டாப்கள் தெரியாத சார்ஜரைக் கண்டால் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தவழும், பார்க்கிறவர்கள் அதையும் ஹேங் என்றே சொல்வார்கள். லேப்டாப்பை வாங்கும்போதே சார்ஜரையும் வாங்கிவையுங்கள்.

விசிறிமேல் புளோயர்

விரலால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் தூசியோடு பேரிங்கும் போகும்.

உப்பிய பேட்டரி

டச்பேட் திடீரென்று கிளிக் ஆகாமல் இறுகினால் அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா பாருங்கள். உப்பியிருந்தால் அணைத்துவிட்டுக் கழற்றக் கொடுங்கள், அழுத்தி மூடாதீர்கள்.

ஒரே நாளில் ஐந்து மாற்றம்

எது குணமாக்கியது என்று பிறகு உங்களுக்கும் தெரியாது.

பையனிடம் இருந்த அந்த லேப்டாப்பைச் சொல்ல மறந்துவிட்டேன். வாடிக்கையாளருக்கு ஃபோன் போட்டுக் கேட்கச் சொன்னேன். போன மாதம் வெளியே ஒரு கடையில் 8 ஜிபி ரேம் கூடுதலாகப் போட்டாராம், அதிலிருந்துதான் இந்தத் தொல்லையாம். டிஸ்க்கில் சி5 பூஜ்யம், ஈவன்ட் வியூவரில் டிஸ்க் புகார் ஏதும் இல்லை. புது ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறோம். இன்றோடு நான்கு நாள், ஒரு முறைகூட நிற்கவில்லை. சனிக்கிழமைவரை பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.