பங்கு மக்கள் விசுவாசத்தைக் கற்க வரவேண்டுமா? முதலில் கேள்வி கேட்க விடுங்கள்

"வரும் வாரம் முதல் பெரியவர்களுக்கான மறைக்கல்வி வகுப்பு தொடங்குகிறது, அனைவரும் வருக" என்று கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறு வழிபாடான திருப்பலி முடிவில் ஓர் அறிவிப்பு வாசிப்பார்கள். முதல் வாரம் பதினைந்து பேர் வருவார்கள், மூன்றாம் வாரம் நான்கு பேர்தான் இருப்பார்கள், அந்த நான்கு பேரும் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வருகிறவர்கள். உடனே, நம் பங்கு மக்களுக்கு, அதாவது இந்தக் கோவிலைச் சேர்ந்தவர்களுக்கு, விசுவாசத்தைக் கற்க ஆர்வமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். மறைக்கல்வி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளாகப் பீடத்தில் நின்று வாசகம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "நற்செய்திக்கு முன்னாடி நெற்றி, உதடு, நெஞ்சுன்னு மூணு இடத்துல சிலுவை போடுறோமே, அது எதுக்கு?" என்று கேட்டார். கேட்கப்போகும் வார்த்தை என் எண்ணத்தில் இருக்கட்டும், என் பேச்சில் இருக்கட்டும், என் உள்ளத்தில் தங்கட்டும் என்பதற்காக என்று சொன்னேன். அவர் கட்டைவிரலால் நெற்றியில் மெதுவாக ஒரு சிலுவை போட்டுப் பார்த்தார். "இத்தனை வருஷமா சும்மா போட்டுட்டு இருந்தேனே" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இவர்களுக்கு ஆர்வம் நிறையவே இருக்கிறது, இத்தனை காலம் கோவிலுக்கு வந்துவிட்டு இதைப் போய் கேட்பதா என்ற கூச்சம்தான் தடுக்கிறது.

அந்தக் கூச்சத்தைப் போக்குவதுதான் முதல் வேலை. கோவில் வாசலில் ஒரு பெட்டி வையுங்கள், பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதிப் போடட்டும். வாரம் ஒரே ஒரு கேள்வியை எடுத்து, அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிடத்துக்குள் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியவில்லை, பங்குத்தந்தையிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம், அதைக் கேட்கிறவர்களுக்கும் தைரியம் வரும்.

ஆரம்பத்தில் பெரிய இறையியல் தலைப்பு எதையும் எடுக்க வேண்டாம். மக்கள் வாராவாரம் கண்ணால் பார்க்கிற திருப்பலியிலேயே எவ்வளவோ இருக்கிறது. காணிக்கை நேரத்தில் குரு இரசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கிறார், கவனித்திருப்பீர்கள். அப்போது அவர் மெல்லிய குரலில் ஒரு செபம் சொல்கிறார்: நம் மனித இயல்பில் பங்குகொள்ளத் தம்மைத் தாழ்த்திய கிறிஸ்துவின் இறை இயல்பில் நாமும் பங்குபெற வேண்டும் என்பது அதன் பொருள். கிறிஸ்து பிறப்பு, மீட்பு, அருள்வாழ்வு எல்லாம் அந்த ஒரு சொட்டில் இருக்கிறது. அப்புறம், நற்கருணையை, அதாவது திருப்பலியில் தரும் அப்பத்தை, வாங்குவதற்கு முன் "நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன்" என்று சொல்கிறோமே, அது கப்பர்நாகூமில் ஒரு ரோமைப் படைத்தலைவர் தம் பணியாளருக்காக இயேசுவிடம் சொன்ன வார்த்தை, மத்தேயு 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டவர் அடுத்த ஞாயிறு அந்த வரியை வாய்ப்பாடு போலச் சொல்ல மாட்டார்.

அழைப்பு என்பது ஆளைப் பார்த்துப் பேசுவது. மைக்கில் சொல்வது எல்லோருக்கும் சொன்னது, அதனால் யாருக்குமே சொன்னதாகப் படாது. "நீங்க போன வாரம் ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) பத்திக் கேட்டீங்களே, வியாழக்கிழமை அதைத்தான் பேசப்போறோம், வாங்க" என்றால் வருவார்கள். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூல் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு செய்ததும் இதுதான். தேரில் உட்கார்ந்து எசாயா நூலை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அலுவலரிடம் ஓடிப்போய், வாசிப்பது புரிகிறதா என்று கேட்டார், யாராவது விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்றார் அவர், பிலிப்பு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

யாரை முதலில் அழைப்பது என்று கேட்டால், புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்க, தயாராகும் பிள்ளைகளின் பெற்றோரை என்று யோசிக்காமல் சொல்வேன். அந்தச் சில மாதங்கள் பொன்னான காலம். அப்பம் எப்படி இயேசுவாகும் என்று பிள்ளை வீட்டில் கேட்கும், அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்களே, அந்த நேரத்திலேயே அவர்களையும் பக்கத்து அறையில் உட்கார வைத்து, பிள்ளைகள் அன்று படிப்பதையே பெரியவர்களுக்கு ஏற்றபடி பேசுங்கள். தனியாக ஒரு நாள் கேட்காதீர்கள், அது யாருக்கும் இல்லை. திருமணத்துக்குத் தயாராகிறவர்கள், குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டு வருகிறவர்கள், வீட்டில் ஒருவரை இழந்தவர்கள், இவர்களுக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் துக்க வீட்டில் பாடம் நடத்த வேண்டாம், கூட இருங்கள், கேட்டால் மட்டும் பேசுங்கள்.

விவிலியத்தில் மொத்தம் 73 நூல்கள், முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னால் பலர் மூன்றாம் நூலான லேவியரில் நின்றுவிடுவார்கள். மாற்கு நற்செய்தியைக் கொடுங்கள், 16 அதிகாரம்தான். இல்லையென்றால் வரும் ஞாயிறு நற்செய்தியை வீட்டில் ஒரு முறை வாசித்துவிட்டு வரச் சொன்னால் போதும், மறையுரை அப்போது வேறு மாதிரி கேட்கும். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2,865 எண்ணிட்ட பத்திகள் இருக்கின்றன, அதை அப்படியே கையில் கொடுத்தால் பயந்துவிடுவார்கள். விசுவாச அறிக்கை, அருளடையாளங்கள், கிறிஸ்துவில் வாழ்வு, செபம் என்று நான்கு பகுதியாக இருப்பதைக் காட்டி, கேள்வி எந்தப் பகுதியில் வருகிறதோ அங்கே இரண்டு பத்தி மட்டும் சேர்ந்து வாசியுங்கள். கேள்வி பதிலாகவே வேண்டும் என்பவர்களுக்கு 2005இல் வந்த அந்நூலின் சுருக்கம் இருக்கிறது.

கூட்டத்தில் யாரையும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் ஒரு முறை அவமானப்பட்டால் மறுபடி வரமாட்டார். தேர்வு, மதிப்பெண், வருகைப்பதிவு எதுவும் வேண்டாம். ஆறு வாரம் என்று சொல்லி ஆறு வாரத்தில் முடியுங்கள், ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்.

சொல்லிக்கொடுக்கிற உங்களுக்கே சலிப்பு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். கி.பி. 400 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெயோகிராசியாஸ் என்ற திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளர்), மறைக்கல்வியில் தாம் பேசுவது தமக்கே சலிப்பாக இருக்கிறது என்று புனித அகுஸ்தீனாருக்கு எழுதினார். அகுஸ்தீனார் நீண்ட பதில் அனுப்பினார், மகிழ்ச்சியோடு சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் அதில் அவருக்குப் பெரிய கவலை. நின்று கேட்டுக் களைத்துப்போனவரை உட்காரச் சொல்லுங்கள் என்றுகூட எழுதியிருக்கிறார். ஆகவே இந்த வாரம் அட்டவணை எதுவும் போட வேண்டாம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசல் பக்கம் போய் நில்லுங்கள், தயங்கி நிற்கிற ஒருவர் கண்ணில் படுவார், பக்கத்தில் ஒரு நாற்காலி இழுத்துப் போடுங்கள்.