கஞ்சாவைப் பற்றி விளக்கும்போது அம்புக்குறியை மாற்றிப் போடாதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மண்டபத்திலிருந்து தொண்டி வரை இளைஞர்களை உட்கார்த்திவைத்துப் பேச, போதை விழிப்புணர்வு வகுப்பு நடத்தும் எங்களுக்கு வாய்ப்பது அப்போதுதான். கஞ்சா மூளையில் என்ன செய்கிறது என்று விளக்க, இந்த முறை புதிய தன்னார்வலர்கள் சிலரை அழைத்துப்போனேன். நான் தொடக்கத்தில் செய்த தவறுகளையே அவர்கள் வரிசையாகச் செய்தார்கள். வாய்தவறிச் சொல்லும் சின்னப் பிழைகளை விட்டுவிடுகிறேன். பேசப்பேச அவை தாமே சரியாகிவிடும்.

அம்பு எந்தப் பக்கம்?

பலகையில் இரண்டு நரம்பணுக்களை வரைவார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஓர் அம்பு. இரண்டாவதின் மேல் ஒரு புள்ளி வைத்து, "கஞ்சா இங்கே உட்கார்ந்து தூண்டுகிறது" என்பார்கள். இதைப் பார்த்தாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் இரண்டு ஆண்டுகள் இதையே நானும் வரைந்தேன்.

மண்டபம் பக்கம் ஒரு வலைக்கொட்டகை. பத்தொன்பது வயதிருக்கும் பையன், கையில் பின்னிக்கொண்டிருந்த வலையோடு கேட்டான்: "தூண்டுகிறது என்றால் எனக்கு ஏன் சார் கை ஓய்ந்துபோகிறது? வலையில் எந்தக் கண்ணை முடிந்தேன் என்பதே மறந்துபோகிறதே?" என்னிடம் பதில் இல்லை. "அது அப்படித்தான்" என்றேன். அவன் எழுந்து போனான், கூடவே மூன்று பேர். மறுநாள் ஒருவரும் வரவில்லை. தன் உடம்பில் தானே கண்டதற்கு மாறாக நான் பேசியதால், நான் சொன்ன மற்ற உண்மைகளையும் அவன் நம்பவில்லை.

இப்போது நான் விளக்குவது இப்படி. விசைப்படகில் ஐஸ் ஏற்றுவதைப் பாருங்கள். மேலே நிற்பவர் கூடை கூடையாகக் கொட்டுவார். கிடங்குக்குள் நிற்பவர் நிறைந்ததும் "போதும்" என்று குரல் கொடுப்பார். குரல் வாங்குபவரிடமிருந்து கொடுப்பவருக்குப் போகிறது. மூளையிலும் அப்படித்தான். செய்தியை வாங்கும் அணு, தேவைப்படும் நேரத்தில் ஆனந்தமைடு, 2-ஏ.ஜி. போன்ற பொருள்களை உண்டாக்கிப் பின்னோக்கி அனுப்புகிறது. அனுப்பும் அணுவின் முனையில் சி.பி.1 என்னும் ஏற்பி அதைப் பெறுகிறது. அங்கே கால்சியம் உள்ளே வருவது குறைகிறது, செய்திப்பொருள் வெளியாவதும் குறைகிறது. இந்தப் பின்னோக்கிய பாதையை 2001இல் வந்த ஆய்வுகள் தெளிவாக்கின.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. அதே சி.பி.1இல் உட்கார்ந்து, எந்தக் கிடங்கும் நிறையாதபோதே துறைமுகத்துப் படகுகளுக்கெல்லாம் "போதும், போதும்" என்று கத்துகிறது. சரியான இடத்தில் சில நொடிகள் ஒலிக்க வேண்டிய குரல் மணிக்கணக்கில் எங்கும் ஒலிக்கிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் சி.பி.1 நிறைய உண்டு. அந்தப் பையனுக்கு வலைக்கண் மறந்தது இதனால்தான். அன்று இதைச் சொல்லியிருந்தால் அவன் உட்கார்ந்திருப்பான்.

"கஞ்சாவே டோபமைனைக் கொட்டுகிறது"

கொட்டவில்லை. மகிழ்ச்சி, ஆசையோடு தொடர்புள்ள செய்திப்பொருளான டோபமைனை வெளியிடும் அணுக்களை, காபா என்னும் இன்னொரு செய்திப்பொருள் அடக்கிவைத்திருக்கிறது. காபாவை அனுப்பும் முனைகளுக்கும் இதே "போதும்" கேட்பதால் பிடி தளர்கிறது, டோபமைன் கூடுகிறது. அடக்குவதை அடக்கினால் விளைவு கிளர்ச்சி. இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

சி.பி.டி.யும் டி.எச்.சி.யும் ஒன்றா?

இரண்டும் ஒரே கஞ்சாச் செடியில் உள்ள பொருள்கள்தான். ஆனால் சி.பி.டி. போதை தருவதில்லை.

"மூளை செத்துவிடும்"

சொல்லாதீர்கள். நிறுத்தினால் ஏற்பிகள் மீள்கின்றன என்பதை அடுத்துப் பாருங்கள்.

நிறுத்தியவனை மறப்பது

நாள்தோறும் புகைப்பவரின் மூளையில் சி.பி.1 ஏற்பிகள் குறைந்துபோகின்றன. நிறுத்தினால், ஏறத்தாழ நான்கு வாரத்தில் பெரும்பாலும் பழைய அளவுக்கு வருகின்றன. இடையில், அதிலும் முதல் வாரத்தில், தூக்கம் வராது, பசிக்காது, எரிச்சல் பொங்கும். வீட்டில் "நிறுத்தியும் இப்படியா?" என்று திட்டினால் அவன் மீண்டும் பொட்டலத்தைத் தேடிப் போவான். ஆகவே வகுப்பு முடிந்ததும் தாயைத் தனியே பார்த்துப் பேசுங்கள். நிறுத்திய நாளைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு, அங்கிருந்து இருபத்தெட்டு நாளை எண்ணிக் காட்டுங்கள். அதற்கு முன்பே தூக்கமின்மை தாங்க முடியாமல் போனாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்று அவன் சொன்னாலோ, அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.