கேமிங் கம்ப்யூட்டர்: ரெடிமேடாக வாங்குவதா, நாமே அசெம்பிள் செய்வதா?

கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "ரெடிமேட் வாங்கினால் ஏமாந்து போவாய், பாகங்களை வாங்கி நீயே மாட்டு" என்று ஒரு கட்சி. "எதற்கு வம்பு, வாங்கினோமா விளையாடினோமா என்று இரு" என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் பட்ஜெட் என்ன, இந்த மாதம் எந்தப் பாகம் என்ன விலைக்குப் போகிறது என்பதெல்லாம் இரண்டு கட்சிக்கும் தெரியாது. அதனால் எடுத்த எடுப்பில் எந்தப் பக்கமும் சாயாமல், ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தக் கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மானிட்டரிலிருந்து தொடங்குங்கள்

பலரும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் திரையில் தெரியும் படத்தை வரையும் அந்தக் கார்டு எத்தனை புள்ளிகளை (பிக்சல்களை) வரைய வேண்டும் என்று தீர்மானிப்பது மானிட்டர்தான். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம், 4கே திரையில் சுமார் 83 லட்சம். அதாவது 1080பி-யிலிருந்து 4கே-க்குப் போனால் கார்டின் வேலை நான்கு மடங்கு. உங்களிடம் 1080பி மானிட்டர்தான் இருக்கிறது, மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், விலை உயர்ந்த கார்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண்.

படி 2: வாங்குகிறோமோ இல்லையோ, பாகப் பட்டியல் எழுதுங்கள்

ரெடிமேட்தான் வாங்குவேன் என்று முடிவோடு இருப்பவர்களும் இதைச் செய்தே ஆக வேண்டும். பட்டியல் கையில் இல்லாவிட்டால் கடையில் சொல்லும் விலை அதிகமா, குறைவா என்று தெரிய வழியே இல்லை.

எழுத வேண்டியவை: ப்ராசசர், மதர்போர்டு (எல்லாப் பாகமும் வந்து சேரும் பலகை), ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி (விளையாட்டுகளைச் சேமித்து வைக்கும் இடம்), எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட், ப்ராசசருக்கான கூலர். விண்டோஸ் உரிமத்தையும் தனி வரியாக எழுதுங்கள். அசெம்பிள் செய்பவர்கள் வழக்கமாக மறந்துவிடுவது அதைத்தான்.

விளையாட்டுக்கான கம்ப்யூட்டரில் பட்ஜெட்டின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். அப்புறம் பொருத்தம். ப்ராசசர் செய்யும் கம்பெனிகள் ஏஎம்டி, இன்டெல் என இரண்டு. ஏஎம்டி ப்ராசசருக்கான ஏஎம்5 வகை மதர்போர்டு என்றால் டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம்தான் சேரும். பழைய ஏஎம்4 என்றால் டிடிஆர்4. இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை இரண்டு வகை மதர்போர்டும் உண்டு, பார்த்து எடுக்க வேண்டும். மாற்றி வாங்கினால் ரேம் குச்சி மாட்டவே மாட்டாது, வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிசிபார்ட்பிக்கர் போன்ற தளத்தில் பாகங்களைத் தேர்ந்தெடுத்தால், சேராத ஜோடியை அதுவே சுட்டிக்காட்டும்.

படி 3: ரெடிமேட் விளம்பரத்தில் எழுதாததைத் தேடுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ரெடிமேட் கம்ப்யூட்டரின் விளம்பரத்தில் ப்ராசசர் பெயரும் கிராபிக்ஸ் கார்டு பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். மற்ற பாகங்கள் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பெயர் போடாத இடத்தில்தான் பெரும்பாலும் காசு மிச்சம் பிடித்திருப்பார்கள்.

கார்டின் பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். "ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, அதில் 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. 5060 டிஐ-யும் அப்படியே. ஆர்டிஎக்ஸ் 3050 இன்னும் மோசம்: 8 ஜிபி கார்டில் கணக்குப் போடும் கோர்கள் 2560, 6 ஜிபி கார்டில் 2304. நினைவகம் மட்டும் குறைந்ததல்ல, கார்டே வேறு. பெயர் என்னவோ ஒன்றுதான்.

ப்ராசசரிலும் "கோர் ஐ7" என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ7-10700 என்பது 2020ஆம் ஆண்டுச் சரக்கு, ஐ7-14700 என்பது 2024. இரண்டும் ஐ7தான்.

"16 ஜிபி ரேம்" என்றால் அடுத்த கேள்வி: ஒரே குச்சியா, 8 ஜிபியாக இரண்டு குச்சியா? இரண்டு குச்சி இருந்தால் ப்ராசசருக்கும் ரேமுக்கும் இடையில் இரண்டு பாதைகள் திறக்கும். ஒன்றே ஒன்று என்றால் ஒரு பாதை சும்மா கிடக்கும். ப்ராசசர் அதிகம் உழைக்கும் விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எஸ்எஸ்டியும் 512 ஜிபி என்றால் யோசியுங்கள். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி இடம் கேட்கிறது.

இனி எஸ்எம்பிஎஸ். என்னைக் கேட்டால் ரெடிமேடின் தரத்தை எடைபோட இந்த ஒரு பாகம் போதும். விளம்பரத்தில் "600 வாட்" என்று மட்டும் இருக்கும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று இருக்காது. "80 பிளஸ் பிரான்ஸ்" என்று போட்டிருந்தாலும் அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதற்கான சான்றிதழே தவிர, உள்ளே இருக்கும் சரக்கின் ஆயுளுக்கு உத்தரவாதம் அல்ல.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஒரு கட்டம் போட்டிருக்கும்: +3.3 வோல்ட், +5 வோல்ட், +12 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் கீழே ஆம்பியர் கணக்கு. கிராபிக்ஸ் கார்டும் ப்ராசசரும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அங்கே 45 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 45, ஆக 540 வாட். 600 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது பரவாயில்லை. அதே 600 வாட்டில் 12 வோல்ட்டுக்கு நேரே 30 ஆம்பியர் என்றிருந்தால், கார்டுக்கும் ப்ராசசருக்கும் சேர்த்துக் கிடைப்பது 360 வாட்தான். அந்த மெஷினை விட்டு விலகிவிடுங்கள். படம் அனுப்பவே மறுக்கிறார்களா? அதுவும் ஒரு பதில்தான்.

பெரிய கம்பெனிகள் சிலவற்றின் ரெடிமேடில் வேறொரு சிக்கல். மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுக்கென்றே செய்த வடிவத்தில் இருக்கும். வழக்கமான 24 முனை மின் இணைப்பு இருக்காது. நாளைக்கு எஸ்எம்பிஎஸ் போனால் வெளியில் வாங்கி மாட்ட முடியாது; பெரிய கார்டு போடலாம் என்றாலும் இடமும் இருக்காது, கேபிளும் இருக்காது. தரநிலை மதர்போர்டின் அருமை இங்கேதான் தெரியும். 2017ல் வந்த ஏஎம்டி பி350 மதர்போர்டுகள் பல, பயாஸை (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்ததும் 2022ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசசரை ஏற்றுக்கொண்டன. ஐந்து வருடம் கழித்து ப்ராசசரை மட்டும் மாற்றிப் புது மெஷின்போல ஓட்டியவர்கள் உண்டு.

கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக மூடியிருந்தால் அழகாகத்தான் இருக்கும். காற்று எந்த வழியாக உள்ளே போகும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ரெடிமேடில் இருக்கும் அதே பாகங்களைத் தனித்தனியாக வாங்கினால் என்ன விலை, விண்டோஸையும் சேர்த்து? அதை ரெடிமேட் விலையிலிருந்து கழியுங்கள். மிச்சம் வரும் தொகைதான் மாட்டித் தரும் கூலியும், ஓட்டிப் பார்த்துத் தரும் செலவும், ஒரே இடத்து வாரண்டியும். அந்தத் தொகை உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்பதுதான் கேள்வி. மொத்த விலையில் பத்து சதவீதத்துக்குள் வந்தால் நான் ரெடிமேடைக் குறை சொல்ல மாட்டேன். இருபதைத் தாண்டினால் அசெம்பிள் பக்கம்தான்.

ஆனால் சில காலங்களில் கணக்கு தலைகீழாகும். 2021ல் கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாடு வந்தபோது, தனிக் கார்டு நியாயமான விலைக்குக் கிடைக்கவே இல்லை. கார்டுக்காகவே முழுக் கம்ப்யூட்டரையும் வாங்கியவர்கள் இருந்தார்கள். 2025 கடைசியில் ரேமுக்கு அதே கதை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை மளமளவென்று ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில், பழைய விலைக்கு மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் கம்பெனியின் ரெடிமேட் மலிவாகக் கிடைக்கலாம். ஆகவே போன வருடம் நண்பர் போட்ட கணக்கு உங்களுக்கு உதவாது. இன்றைய விலையில் போடுங்கள்.

படி 5: கெட்டுப்போனால் யார் பார்ப்பது?

ரெடிமேடில் ஏதாவது கோளாறு என்றால் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிடலாம். அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி. நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு 5 முதல் 10 வருடம் வரைகூடத் தருகிறார்கள், ஆகவே வருடக் கணக்கில் அசெம்பிள்தான் அதிகம். ஆனால் எந்தப் பாகம் போயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள். திரை கறுப்பாக இருந்தால் காரணம் ரேமா, கார்டா, எஸ்எம்பிஎஸ்ஸா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் பொறுமை வேண்டும். மறுநாள் அதே மெஷினில் அலுவலக வேலையும் பார்த்தாக வேண்டியவர் என்றால் இந்தப் படிக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

படி 6: நடுவழியும் உண்டு

பட்டியல் உங்களுடையது, மாட்டிக் கொடுப்பது கடைக்காரர். முதல்முறை வாங்கும் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். பாகங்களின் தரம் உங்கள் கையில், திருப்புளி அவர் கையில். ஒரே ஒரு எச்சரிக்கை: "அது ஸ்டாக் இல்லை சார், இதுவும் அதே மாதிரிதான்" என்று எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றப் பார்ப்பார்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணும் இருக்க வேண்டும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 7: நானே மாட்டுகிறேன் என்றால்

பயப்பட ஒன்றுமில்லை. நடுத்தர அளவு ஸ்டார் திருப்புளி ஒன்று, பெரிய மேசை, அவசரமில்லாத ஒரு நாள் போதும். மதர்போர்டைக் கேபினெட்டில் வைப்பதற்கு முன்பே ப்ராசசர், ரேம், எஸ்எஸ்டி மூன்றையும் மாட்டிவிடுங்கள்; உள்ளே வைத்தபின் கை நுழையாது. ப்ராசசரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கி மெல்ல வைத்தால் தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. நான்கு ரேம் துளைகளில் இரண்டு குச்சி என்றால், பெரும்பாலான போர்டுகளில் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.

கேபிள்களில் கவனம். ப்ராசசருக்கான 8 முனைக் கேபிள் நான்கு நான்காகப் பிரியும். கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கும், பாகங்கள் கருகிவிடும்.

ஏஎம்5 மெஷினை முதன்முதலாக ஆன் செய்தால் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். மதர்போர்டு அப்போது ரேமைப் பழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறது. பதறி அணைத்துவிடாதீர்கள். எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

படி 8: எந்த வழியில் வந்தாலும், முதல் நாள் வேலை

ரெடிமேட் என்றால் ஆன் செய்வதற்கு முன் பக்கவாட்டுத் தட்டைத் திறந்து பாருங்கள். திறந்தால் வாரண்டி போகுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் கார்டு ஆடாமலிருக்க உள்ளே பெரிய நுரைப் பொதி வைத்து அனுப்பும். அதை எடுக்காமல் ஓட்டக் கூடாது.

ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். ரேமின் வேகமும், எத்தனை துளைகள் நிரம்பியிருக்கின்றன என்பதும் அங்கே தெரியும். 6000 என்று விற்ற டிடிஆர்5 ரேம் 4800ல் ஓடினால் ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். பயாஸுக்குள் போய் இன்டெல் மெஷினில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி மெஷினில் எக்ஸ்போ என்ற, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை ஆன் செய்தால் சரியாகிவிடும். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டர் வாங்கியிருந்தால் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60லேயே நிற்கிறதா என்று பாருங்கள். ப்ராசசர் இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வகையா? அவற்றில் பல அதிக வோல்டேஜால் பழுதானதால் 2024ல் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. விளையாட்டை இன்ஸ்டால் செய்வதற்கு முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

கடைசியாக, உங்களிடம் இருப்பதிலேயே கனமான விளையாட்டை இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். இதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். அட்டைப்பெட்டியையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.