குயில்ட் பிளாக்கில் எம்பிராய்டரி நூல் பிரிந்து பிரிந்து அறுகிறதா? இந்த வரிசையில் பாருங்க

குயில்ட் பிளாக்கில், அதாவது பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையின் ஒரு சதுரத் துண்டில், எம்பிராய்டரி மெஷின் ஒரு இலையைப் போட்டு முடிப்பதற்குள் நூல் அறுந்துவிடுகிறது. எடுத்துப் பார்த்தால் நுனி தேங்காய் நார் மாதிரி பிரிந்து நிற்கிறது. உடனே கை போகும் இடம் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகு. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்க, அதன் முறை பின்னால் வரும்.

முதலில் அறுந்த நுனியைப் பாருங்க. நுனி பிசிறு பிசிறாக இருந்தால் நூல் எங்கேயோ உரசுகிறது. கத்தரியால் வெட்டியது போல நறுக்கென்று இருந்தால் ஏதோ கூர்மையான விளிம்பு வெட்டுகிறது, இல்லையென்றால் இழுப்பு அதிகம். எம்பிராய்டரியில் மேல்நூலின் ஒவ்வொரு துண்டும் ஊசிக் காது வழியாக இறங்கி, கீழே நூலைப் பிடித்துச் சுழலும் ஹூக் என்ற கொக்கியைச் சுற்றி, மறுபடி மேலேறி, இப்படிப் பல தடவை போய்வந்த பிறகுதான் ஒரு தையலாகத் துணியில் உட்காருகிறது. வழியில் சின்ன முரடு இருந்தாலும் அத்தனை தடவையும் அங்கே தேயும்.

1. ஊசியை மாற்றுங்க

நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மாற்றுங்க. இருப்பதிலேயே செலவு குறைந்த வைத்தியம் இதுதான். எட்டு மணி நேரம் ஓடிய ஊசியைப் பத்திரப்படுத்த வேண்டியதில்லை. சாதாரணத் தையல் ஊசிக்குக் காது சின்னது, அதனால் எம்பிராய்டரி ஊசி என்றே கேட்டு வாங்குங்க. ஒற்றைக் காட்டன் துணிக்கு 75/11 அளவு ஊசி போதும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்றும் சேர்ந்திருந்தால் 90/14. ஜரிகை நூலுக்கும் 90/14தான், அதிலும் காது பெரிய டாப்ஸ்டிச் ஊசி கிடைத்தால் நல்லது. வீட்டு மெஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கணும், தண்டு மேலே முட்டும் வரை ஏறணும்.

காது பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி: மெஷினில் மாட்டாத ஊசியில் நூலைக் கோத்து, நூலைச் சாய்வாக விறைப்பாகப் பிடிங்க. ஊசி தானாக வழுக்கி இறங்கினால் சரி. தயங்கி நின்றால் ஒரு அளவு பெரிய ஊசி வேண்டும்.

2. நூலை முழுசாக உருவி, மறுபடி கோர்க்கணும்

துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு கோர்க்கணும். ஃபுட் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராமல் மேலோடு ஓடும். கோர்க்கும்போதே நூற்கண்டின் விளிம்பையும் பாருங்க. நுனி செருகும் வெட்டில் நூல் மாட்டி மாட்டி இழுபடும். திருப்பூரில் வாங்கிய பெரிய கோனாக இருந்தால், மெஷினுக்குப் பின்னால் ஸ்டாண்டில் நிற்க வைத்து மேல்நோக்கி நூலை எடுங்க. மலிவாகக் கிடைக்கும் மிச்சக் கோன்களை வாங்கும்போது ஒரு முழம் உருவிச் சுண்டிப் பாருங்க. வெயிலில் கிடந்த ரேயான் சட்டென்று அறும். அதை எந்த மெஷினிலும் ஓட்ட முடியாது.

3. வெறும் துணியில் ஓட்டிப் பாருங்க

அதே டிசைனை, அதே நூலில், அடியில் துணியை விறைப்பாக நிறுத்தும் ஸ்டெபிலைசர் தாள் வைத்த ஒற்றைக் காட்டன் துணியில் ஓட்டுங்க. அங்கேயும் பிரிந்தால் மெஷினையோ டிசைனையோ பார்க்கணும், படி 5-க்குப் போங்க. அங்கே ஒழுங்காக ஓடினால் சிக்கல் உங்கள் பிளாக்கில்.

4. பிளாக்

நம் கொங்குப் பக்கத்தில் அடித்துணிக்குப் பலரும் எடுப்பது சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் காடாத் துணி. விலைக்கும் உழைப்புக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் தறியில் பாவு நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போட்டிருப்பார்கள், துவைக்காத காடாவில் அது அப்படியே இருக்கும். விறைத்த துணியில் ஊசி ஒவ்வொரு குத்துக்கும் முரண்டும், நூலும் கூடவே உரசும். வெந்நீரில் ஊறவைத்து அலசி, காயவைத்துத் தேய்த்த பிறகு வெட்டுங்க. சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும்.

அடுத்தது பசை. பஞ்சையும் துணியையும் ஒட்டும் ஸ்ப்ரேயை எச்சாக அடித்தால் ஊசியில் பிசுக்கு ஏறும், அந்தப் பிசுக்கு நூலைப் பிடித்து நாராக்கும். லேசாக அடித்து, காயவிட்டு, அப்புறம் ஓட்டுங்க. ஊசியைத் தொட்டால் ஒட்டுகிறதென்றால் மெஷினை நிறுத்தி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைங்க.

திருப்பூர் காதர்பேட்டை பனியன் துண்டுகளில் பிளாக் செய்பவர்கள் பின்பக்கம், தேய்த்தால் ஒட்டும் பியூசிங் துணியை ஒட்டி, முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி போடுங்க.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது, பஞ்சைச் சேர்க்காமல் மேல்துணியில் மட்டும் எம்பிராய்டரியை முடித்து, பிறகு பஞ்சும் அடித்துணியும் வைத்துக் குயில்ட் செய்யுங்க. பாதித் தொந்தரவு வராமலே போகும்.

5. டிசைனும் வேகமும்

பெரிய டிசைனைப் பிளாக்குக்காகச் சுருக்கினால், தையல் எண்ணிக்கையும் கூடவே குறைந்ததா என்று பாருங்க. குறையாவிட்டால் அத்தனை தையலும் சின்ன இடத்தில் நெருக்கும், ஊசி போட்ட தையலிலேயே திரும்பத் திரும்பக் குத்தும். 40 நம்பர் நூலுக்கு வரிசைக்கு வரிசை 0.4 மில்லிமீட்டர் இடைவெளி என்பது வழக்கமான கணக்கு. குயில்ட்டுக்குக் கோட்டு வேலை டிசைன்தான் அழகு. அடைத்து நிரப்பினால் போர்வை அட்டையாக விறைக்கும். வேகத்தை நிமிடத்துக்கு 600 தையலுக்குக் கீழே வையுங்க, ஜரிகைக்கு இன்னும் குறையுங்க.

6. இப்போது டென்ஷன்

சாட்டின் தையலின், அதாவது பக்கத்துக்குப் பக்கம் நெருக்கமாகப் போட்டு நிரப்பும் தையலின், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் (கீழ்நூல்) தெரியணும். பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்க. ஒரே தடவையில் நிறையத் திருக வேண்டாம்.

7. முரடு தேடுங்க

மெஷினை அணைத்து, ஊசித் தட்டைக் கழற்றி, பஞ்சுத் தூசியைப் பிரஷால் எடுங்க. வாயால் ஊதினால் ஈரம் படும். காது குடையும் பட்ஸைத் தட்டின் துளை ஓரத்திலும் ஹூக் முனையிலும் ஓட்டிப் பாருங்க. பஞ்சு மாட்டும் இடம்தான் முரடு. ஊசி ஒருமுறை உடைந்த மெஷினில் இது சகஜம். தட்டு என்றால் புதிது வாங்கி மாற்றிவிடலாம். ஹூக்கில் நீங்கள் உப்புத்தாள் போடாதீங்க. மெக்கானிக்கிடம் “நூல் அறுகுது” என்று மட்டும் சொன்னால் டென்ஷனைத் திருகிக் கொடுத்துவிடுவார். “ஏனுங்ணா, ஹூக் முனையில முரடு இருக்குதுங், பாலிஷ் போட்டுக் குடுங்” என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்க.

சரிசெய்த பிறகு பாபின் பக்கம் சிக்கியிருக்கும் நூல் துணுக்குகளை எடுத்துவிட்டு, டிசைனைப் பத்துத் தையல் பின்னால் நகர்த்தித் தொடங்குங்க. துணியை மாட்டிய பிரேமை மட்டும் கழற்றிவிடாதீங்க, திரும்ப அதே இடத்தில் பிளாக்கை உட்கார வைப்பது பெரும்பாடு.